பிலிப்பைன்ஸ் வரலாறு படிக்கத் தொடங்குபவர்களுக்கு: ஆவணங்களைத் தேடுவதும் சோதிப்பதும்

பிலிப்பைன்ஸ் வரலாற்றின் பக்கம் வரும் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. தாவோ, செபு, மணிலா என்று மருத்துவம் படிக்கப் போய், அதற்கு முந்தைய இளநிலைப் படிப்பில் வரலாற்றுப் பாடமும் அந்நாட்டின் தேசிய வீரர் ஹொசே ரிசால் பற்றிய பாடமும் தலையில் வந்து விழுந்தவர்கள் முதல் வகை. (ரிசால் பாடம் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம், தப்பிக்க வழியில்லை.) சோழ இளவரசன் ஒருவன் செபுவை ஆண்டான் என்று எங்கோ படித்துவிட்டு, உண்மையா என்று தேடக் கிளம்பியவர்கள் இரண்டாவது வகை.

இரு தரப்பாரும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்றேதான். அந்நாட்டு வரலாற்றில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ‘மிகப் பழைய’ ஆவணங்கள் சில, நம் பாட்டன் காலத்தில் எழுதப்பட்டவை. உண்மையிலேயே பழையவை இணையத்தில் காசில்லாமல் கிடக்கின்றன. திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. எதை எங்கே தேடுவது, எதை நம்பக்கூடாது, எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. பல வாசல்களில் நின்று அறிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நாட்டின் வரலாற்றை இதில் தேடாதீர்கள். அதைப் படிக்கும் வழி மட்டும்தான் இருக்கிறது.

1. சின்னக் கேள்வி ஒன்றைப் பிடியுங்கள்

‘பிலிப்பைன்ஸ் வரலாறு’ என்று தேடினால் கரை காண மாட்டீர்கள். ‘மெகல்லன் கொல்லப்பட்ட மக்தான் தீவுச் சண்டையை நேரில் பார்த்து எழுதியவர் யார்?’, ‘மணிலாவை ஆங்கிலேயர் பிடித்த தேதி எது?’ என்பது போல, ஓர் ஆவணத்தை எடுத்துப் பார்த்தால் பதில் கிடைக்கக்கூடிய கேள்வியாக இருக்கட்டும்.

காலவரிசை முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 1521 மெகல்லன் வருகை, 1565 ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி வருகை, 1571 மணிலா ஸ்பானியத் தலைநகராதல், 1762–64 ஆங்கிலேயர் பிடியில் மணிலா, 1872 மூன்று பாதிரியார்களுக்கு மரண தண்டனை, 1896 புரட்சி, 1898 அமெரிக்கா நுழைதல், 1946 விடுதலை. இந்த எலும்புக்கூடு போதும்; சதையைப் படிக்கப் படிக்கச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. மரண தண்டனைக்கு முன் ரிசால் தம் கருத்துகளைத் திரும்பப் பெற்றுத் திருச்சபையிடம் மீண்டாரா என்ற கேள்வியை முதல் கட்டுரைக்கு எடுக்காதீர்கள். அவர் சுடப்பட்டது 1896 டிசம்பர் 30. அப்படித் திரும்பப் பெற்று அவர் எழுதியதாகக் கூறப்படும் கடிதத்தின் மூலப்பிரதி என்று சொல்லப்படும் தாள் மணிலா மறைமாவட்ட ஆவணங்களிலிருந்து வெளிப்பட்டது 1935இல். அதற்கு முன் அச்சில் உலவிய வாசகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பெரிய அறிஞர்களே கட்சி பிரிந்து நிற்கும் இடம் அது. புதிதாக வருபவர் அங்கே போனால் ஏதாவதொரு கட்சியில் சேர்ந்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

2. மொழி: பயப்பட வேண்டாம், ஏமாறவும் வேண்டாம்

முதல் கட்டத்துக்கு ஆங்கிலம் போதும். 1898க்கு முந்தைய அரசு, திருச்சபை ஆவணங்களில் பெரும்பகுதி ஸ்பானிய மொழியில் இருக்கிறது; முக்கியமானவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. புரட்சிக்கால நினைவுக் குறிப்புகள் பலவும் மணிலா வட்டார மொழியான தகலோக்கில் இருக்கின்றன.

ஸ்பானிய மொழியை ஓரளவு வாசிக்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பேசத் தெரிய வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வரும்போது மூலத்தின் ஒரு பத்தியை அகராதியோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தால் போதும். ஆனால் 16, 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் வேறு கதை. மாட்ரிட்டில் பிறந்து வளர்ந்தவருக்கே அந்தக் கையெழுத்து ஓடாது. தொடக்கத்தில் அச்சில் வந்த படியையே பயன்படுத்துங்கள்.

தமிழர்கள் மட்டும் விழும் ஒரு குழி இருக்கிறது. ஸ்பானிய ஆவணங்களில் ‘இந்தியோ’ என்று வந்தால் அது தீவுகளின் பூர்வகுடி மக்கள். நம் ஊரிலிருந்து போனவர்கள் என்று எண்ணிக்கொண்டு ஒரு முழுக் கட்டுரையை எழுதிவிடாதீர்கள்.

3. பணம் செலவழிக்கும் முன் வீட்டிலிருந்தே

மூலங்களின் பெருங்கிடங்கு, எம்மா ஹெலன் பிளேர், ஜேம்ஸ் அலெக்சாண்டர் ராபர்ட்சன் இருவரும் தொகுத்த 55 தொகுதிகள். 1903 முதல் 1909 வரை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வெளிவந்தவை. காப்புரிமை முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பர்க், இன்டர்நெட் ஆர்கைவ் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்கத் தொகுதிகளின் தலைப்பில் 1803 வரை என்றும் பிறகு 1898 வரை என்றும் இருக்கும். இரண்டும் ஒரே தொகுப்புதான், குழம்ப வேண்டாம்.

முதல் தொகுதியிலிருந்து படிக்கத் தொடங்குவது வீண் வேலை. 54, 55 ஆகியவை பொருளடைவுத் தொகுதிகள்; முதலில் அவற்றை இறக்கி வைத்துக்கொண்டு, பெயரையோ ஊரையோ தேடி, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு போங்கள். அடிக்கடி தேவைப்படுபவை: லோவார்க்கா 1582இல் எழுதிய அறிக்கை 5ஆம் தொகுதியில், தகலோக் மக்களின் வழக்கங்களைப் பற்றி பிளாசென்சியா பாதிரியார் 1589இல் எழுதியது 7இல், ஸ்பானிய அதிகாரி மோர்காவின் 1609ஆம் ஆண்டு நூல் 15, 16இல், மெகல்லன் பயணத்தைப் பற்றிய பிகஃபெட்டாவின் குறிப்புகள் 33, 34இல்.

இதிலும் பொறி உண்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வு அமெரிக்க ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் நடந்தது. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்கு வாரி வழங்கிய தொகுப்பாளர்கள் 19ஆம் நூற்றாண்டுக்குக் கிள்ளித்தான் கொடுத்தார்கள். சில ஆவணங்கள் சுருக்கமாக மட்டும் இருக்கும். மொழிபெயர்ப்பில் பிழைகளையும் அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆகவே அடிக்குறிப்பில் மோர்கா என்று மட்டும் போடாமல், இந்தத் தொகுப்பின் இன்ன தொகுதியில் வரும் மொழிபெயர்ப்பு என்று போடுங்கள். ஆசிரியர் கேள்வி கேட்டால் தப்பிக்கலாம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து நீங்களே திரும்பத் தேடும்போது கைகொடுக்கும்.

இன்னும் மூன்று இலவச இடங்கள். ஸ்பெயின் அரசு ஆவணக் காப்பகங்களின் ‘பாரெஸ்’ இணையவாசலில் செவில் நகரக் காப்பகத்தின் பிலிப்பைன்ஸ் பிரிவு ஆவணங்கள் பலவற்றைப் படமாகவே பார்க்கலாம். 1590ஐ ஒட்டி மணிலாவில் உருவான, வண்ண ஓவியங்கள் நிறைந்த பாக்சர் கோடெக்ஸ் என்ற கையெழுத்துச் சுவடியை, அதை வைத்திருக்கும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக லில்லி நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு ஃபேமிலிசர்ச் தளத்தில் மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவேடுகள் கிடைக்கும். இலவசக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும், அவ்வளவே.

4. ஒவ்வொரு மூலத்துக்கும் ஓர் அட்டை போடுங்கள்

பழைய நூலக அட்டையளவில் ஒரு தாள். அதில் ஐந்து கேள்விகள். எழுதியவர் யார்? நிகழ்ச்சி நடந்தபோது எங்கே இருந்தார்? எத்தனை நாள் அல்லது ஆண்டு கழித்து எழுதினார்? யார் படிப்பதற்காக எழுதினார்? நம் கையில் இருப்பது மூலமா, படியா, மொழிபெயர்ப்பா? மூலம் இப்போது எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதும் இந்த ஐந்தாவது கேள்விக்குள் அடக்கம்.

மக்தான் சண்டைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். அந்தோனியோ பிகஃபெட்டா இத்தாலியின் விசென்சா ஊர்க்காரர். 1521 ஏப்ரல் 27 அன்று மெகல்லனோடு கடலில் இறங்கியவர்களில் ஒருவர். நச்சு அம்பு பட்டு முகம் வீங்கிப் போனவர். ஆக, நேரடி சாட்சி. கரையில் பாறைகள் இருந்ததால் படகுகள் தொலைவிலேயே நின்றன, தொடையளவு நீரில் 49 பேர் நடந்து போனோம், எதிரில் 1,500க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள் என்கிறார்.

இந்த எண்களை எப்படி எடுத்துக்கொள்வது? 49 அவருக்குத் தெரிந்த கணக்கு; கூட வந்தவர்கள். 1,500 என்பது தோற்று ஓடியவரின் கண் மதிப்பீடு. ஒரே வாக்கியத்தில் வந்தாலும் இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்கக்கூடாது.

அடுத்து, அவருடைய சாய்வு. பிகஃபெட்டாவுக்கு மெகல்லன்மேல் பக்தி. கப்பலை ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொண்டுவந்த கேப்டன் எல்கானோவின் பெயரை நூல் முழுக்க ஒருமுறைகூட அவர் எழுதவில்லை. எல்கானோ முன்பு மெகல்லனுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்தவர் என்பது தெரிந்தால் காரணம் விளங்கும். பிகஃபெட்டா சொல்வதைப் போலவே சொல்லாமல் விட்டதையும் அட்டையில் எழுதுங்கள்.

கடைசியாக, கைக்கு வந்த வழி. அவர் நாள்தோறும் எழுதிய மூல நாட்குறிப்பு இன்று இல்லை. நான்கு கையெழுத்துப் படிகள் இருக்கின்றன: மூன்று பிரெஞ்சு மொழியில், ஒன்று மிலான் நகர அம்புரோசியானா நூலகத்தில் இத்தாலிய மொழியில்.

இத்தனையும் எழுதிய பிறகு பாடப்புத்தகத்துக்குத் திரும்புங்கள். மக்தான் தலைவர் லாபுலாபு தம் கையால் மெகல்லனை வெட்டினார் என்று எத்தனையோ சிலைகளும் நாடகங்களும் காட்டுகின்றன. பிகஃபெட்டாவில் அந்த வரி இல்லை. தீவு மக்கள் மொய்த்துக்கொண்டு வீழ்த்தினார்கள் என்றுதான் இருக்கிறது. லாபுலாபு எப்படி இருந்தார், என்ன வயது என்பதற்கும் அதில் பதில் கிடையாது. இதைச் சொன்னால் அந்த வீரனின் பெருமை குறைந்துவிடாது. தேர்வில் மட்டும் எந்த ஆசிரியர் முன் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

5. சாட்சிகள் முரண்பட்டால் நல்ல நேரம் என்று எண்ணுங்கள்

பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த வழக்கு கிடையாது. 1896 ஆகஸ்டில், ஸ்பானியருக்கு எதிரான கத்திபுனான் என்ற இரகசிய இயக்கத்தினர் வரிச்சீட்டுகளைக் கிழித்துப் புரட்சி முழக்கமிட்டார்கள். எங்கே, எந்தத் தேதியில்?

பியோ வலென்சுவேலா: ஆகஸ்ட் 23, புகட் லாவின். சந்தியாகோ அல்வாரெஸ்: 24, பாஹாய் தோரோ. இயக்கத் தலைவர் போனிஃபாசியோவின் மனைவி கிரெகோரியா டி ஹெசூஸ்: 25, கலோகானுக்கு அருகில். ஸ்பானியக் காவற்படை அதிகாரி ஒலெகாரியோ தியாஸ்: 25, பலிந்தவாக். கியெர்மோ மசாங்காய்: 26, பலிந்தவாக்.

புதியவர்கள் செய்வது, அதிகம் பேர் சொன்ன ஊரை எண்ணி எடுத்துக்கொள்வது. வரலாற்றில் வாக்குப்பதிவு கிடையாது. ஒவ்வொரு சாட்சிக்கும் அட்டை போட்டால் படம் மாறும். அல்வாரெஸ் கவித்தே மாகாணத்துக்காரர், சம்பவ இடத்தில் இல்லாதவர். அவருடையது கேட்டறிந்த செய்தி. தியாஸ் எதிர்த்தரப்பு அதிகாரி. விசாரணையில் பிடிபட்டவர்கள் சொன்னதைத் தொகுத்தவர். வலென்சுவேலா இயக்கத்தின் உள்வட்டத்தில் இருந்தவர்தான். ஆனால் 1896இல் ஸ்பானியர் பிடியில் கொடுத்த வாக்குமூலத்தில் பலிந்தவாக் என்றவர், பிந்தைய நினைவுக் குறிப்பில் புகட் லாவின் என்கிறார். கைதியாகச் சொன்னதை நம்புவதா, ஆண்டுகள் கழித்து ஆற அமர எழுதியதை நம்புவதா? கைதிக்குப் பொய் சொல்லக் காரணம் உண்டு. முதியவருக்கு மறதி உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். இவர்கள் எல்லோரும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கிறார்களா? அந்தச் சில நாட்களில் இயக்கத்தினர் காவற்படைக்குத் தப்பி இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். கூட்டம் ஒரு நாள், முடிவு ஒரு நாள், முதல் துப்பாக்கிச் சூடு ஒரு நாள். ‘முழக்கம்’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பட்டியலைத் திரும்பப் பார்த்தால் பாதிச் சண்டை தானாக அடங்கும்.

நீண்ட காலம் ஆகஸ்ட் 26, பலிந்தவாக் என்றுதான் கொண்டாடினார்கள். 1963இல் அரசு அதை 23, புகட் லாவின் என்று மாற்றியது. பரிசீலனைக்குப் பின் எடுத்த முடிவுதான். ஆனாலும் அரசாணை நிர்வாகக் காரியத்துக்கு ஒரு தேதியைத் தரும். சாட்சியங்களுக்கு இடையிலான முரணைத் தீர்த்துவைக்காது. விடைத்தாளில் அரசுத் தேதியை எழுதி, கீழே முரணைக் குறிப்பதுதான் பாதுகாப்பான வழி.

6. போலிகளைப் பெயரோடு தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

கலந்தியாவ் சட்டம். 1433இல் பனாய் தீவுத் தலைவர் ஒருவர் இயற்றிய தண்டனைச் சட்டம் என்று பல தலைமுறை மாணவர்கள் ஒப்பித்தது. தலைவரின் பெயரில் நாட்டின் உயர் விருதுகூட இருந்தது. இதன் மூலம் என்ன? ஹொசே மார்க்கோ என்பவர் 1914இல் மணிலாவில் அரசு நூலகத்துக்குக் கொடுத்த சில கையெழுத்துப் பிரதிகள், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த நூலகத்தின் தலைவராக இருந்தவர், மேலே சொன்ன 55 தொகுதிகளைத் தொகுத்த அதே ராபர்ட்சன். அவரே அதை மொழிபெயர்த்து 1917இல் வெளியிட்டார். அவ்வளவு ஆவணங்களைக் கையாண்டவரே ஏமாந்தார் என்றால், ‘பெரியவர் சொல்லியிருக்கிறார்’ என்பதை எத்தனை தூரம் நம்பலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் ஹென்றி ஸ்காட் என்ற ஆய்வாளர் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் 1968இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில்தான் குட்டு உடைந்தது. அவர் மந்திரம் எதுவும் போடவில்லை. ஸ்பானியருக்கு முந்தைய காலத்துக்கு ஆதாரம் என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்து, இது எங்கிருந்து வந்தது, அதற்கு முன் யார் கையில் இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். கலந்தியாவின் பெயர் 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய எந்த ஆவணத்திலும் இல்லை. எல்லா வழியும் மார்க்கோவின் வாசலில் போய் நின்றது. தேசிய வரலாற்று நிறுவனம் அச்சட்டத்துக்கு வரலாற்று அடிப்படை இல்லை என்று அதிகாரபூர்வமாக அறிவித்தது 2004இல். கணக்குப் போடுங்கள்: ஆய்வு வந்து 36 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அச்சான பாடநூல்கள் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. 2004க்கு முந்தைய பொதுப் பாடநூலை வாங்கினால் முதல் அத்தியாயத்தைப் பென்சிலோடு படியுங்கள்.

மராக்தாஸ் வேறு மாதிரி. போர்னியோவிலிருந்து பத்துத் தலைவர்கள் பனாய்க்கு வந்த கதை. 1907இல் பெத்ரோ மொன்டெக்லாரோ அச்சிட்டது. இதை ஸ்காட் போலி என்று சொல்லவில்லை. உள்ளூர்க் கதைகளைத் தொகுத்த நூல் என்றார். நடுத்தீவுகளின் விசயா மக்கள் தங்கள் தோற்றத்தை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. 13ஆம் நூற்றாண்டில் நடந்தவற்றுக்குச் சான்றாகாது. எல்லாவற்றையும் ‘போலி’ என்று ஒரே குப்பைக்கூடையில் போடுவதும் சோம்பேறித்தனம்தான்.

சமூக ஊடகங்களில் சுற்றும் ‘மஹார்லிகா பேரரசு’, தல்லானோ குடும்பத்தின் டன் கணக்கான தங்கம் போன்றவற்றுக்கு அட்டை போடவே தேவையில்லை. மூல ஆவணம் எங்கே என்று கேட்டால் இன்னொரு காணொளியின் இணைப்பு வரும்.

7. தமிழர் தொடர்பு என்றால் இரட்டைக் கவனம்

‘செபு அரசை நிறுவிய ஸ்ரீ லுமாய், சோழ வம்சத்தவன்.’ தமிழ் இணையத்தில் இது பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. அட்டை போடுவோம். 1521இல் செபுவில் தங்கி, அரசன் ஹுமாபோனுடன் பழகிய பிகஃபெட்டா இந்தப் பெயரைச் சொல்லவில்லை. கதையின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால், செபு எழுத்தாளர் ஜோவிட்டோ அபெல்லானா 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ‘அகினிட்’ என்ற காப்பியத்தில் போய் நிற்கும். கலந்தியாவுக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் கேட்காவிட்டால் நாம் கற்றதற்குப் பொருளில்லை. நம் பெருமை சம்பந்தப்பட்டது என்பதற்காக விதியைத் தளர்த்தக்கூடாது.

உறுதியான சான்று வேண்டுமானால் லகுனா செப்பேட்டுக்குப் போங்கள். 1989இல் லகுனா மாகாணத்தில் லும்பான் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே மணல் அள்ளும்போது கிடைத்தது. முதல் வரியைப் படித்தால் நமக்கு வியப்பாக இருக்கும்: சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ண பட்ச சதுர்த்தி, சோமவாரம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டாத வரி. கி.பி. 900, ஏப்ரல் 21 என்று கணித்திருக்கிறார்கள். நம்வரன் என்பவரின் தங்கக் கடன் தள்ளுபடி ஆனதற்கான பத்திரம் அது.

அகழாய்வில் எடுத்ததல்ல, வியாபாரிகள் கை மாறி அருங்காட்சியகத்துக்கு வந்தது. அந்த அளவில் பலவீனம் உண்டு. ஆயினும் எழுத்து பழஞ்சாவகக் காவி எழுத்து, மொழி பழைய மலாய், இடையே சமஸ்கிருதமும் பழஞ்சாவகமும்; எல்லாம் அந்தக் காலத்தோடு பொருந்துவதை அந்தூன் போஸ்ட்மா என்ற டச்சு ஆய்வாளர் படித்துக் காட்டினார். வந்த வழி மங்கலாக இருந்தாலும் உள்ளடக்கம் தாங்கி நிற்கும் ஆவணத்துக்கு இது எடுத்துக்காட்டு. சக ஆண்டு இருக்கிறதே, தமிழன் ஆண்டான் என்று தாவ வேண்டாம். அந்த ஆண்டுக்கணக்கு அன்றைக்கு ஜாவாவில் அன்றாட வழக்கு.

8. தேதி, குடும்பப் பெயர், படம்: மூன்று சிறு கண்ணிகள்

தேதி. ஸ்பானியர் மெக்சிகோ வழியாகத் தீவுகளுக்கு வந்ததால் மணிலாவின் நாட்காட்டி அண்டை நாடுகளைவிட ஒருநாள் பின்தங்கியே ஓடியது. 1844 டிசம்பர் 31ஐ அப்படியே விட்டுவிட்டு, 30க்கு அடுத்த நாளை 1845 ஜனவரி 1 ஆக்கிச் சரிசெய்தார்கள். ஆகவே 1844 வரை ஸ்பானிய ஆவணமும் ஆங்கில ஆவணமும் ஒருநாள் வேறுபட்டால் எதுவும் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். 1762இல் மணிலா வீழ்ந்த நாள் ஆங்கிலேயருக்கு அக்டோபர் 6, ஸ்பானியருக்கு 5. ஒரே பகல்தான்.

குடும்பப் பெயர். ஆளுநர் கிளவேரியா 1849இல் ஆணையிட்டுப் பெயர்ப்பட்டியல் ஒன்றிலிருந்து மக்களுக்குக் குடும்பப் பெயர்களைப் பகிர்ந்தளித்தார். ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய வம்சம் என்று எழுத முடியாது. 1849க்கு முன் ஒரே குடும்பத்தைத் தேடும்போது வேறு பெயரில் இருக்கலாம் என்று எதிர்பார்த்தே பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

படம். 1565இல் பொஹோல் தீவுத் தலைவர் சிகாதுனாவும் லெகாஸ்பியும் இரத்த உடன்படிக்கை செய்யும் ஹுவான் லூனாவின் ஓவியம் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும். லூனா அதைப் பாரிசில் வரைந்தபோது சிகாதுனாவுக்கு மாதிரியாக அமர்ந்தவர் ரிசால். 16ஆம் நூற்றாண்டு ஆடை அணிகலன்களுக்கு அதைச் சான்று காட்டினால் சிரிப்பார்கள். அதற்குப் பாக்சர் கோடெக்ஸ் இருக்கிறது.

9. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூரை மறக்க வேண்டாம்

மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படை 1762இல் கப்பலேறியது சென்னையிலிருந்து. சிப்பாய்களும் அதில் போனார்கள். மணிலாவை நிர்வகித்த காலத்துக் கம்பெனி ஆவணங்கள் புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளின் பகுதியாக இங்கேயே தங்கின. ‘மனிலா கன்சல்டேஷன்ஸ்’ என்ற தலைப்பில் 1940களில் சென்னை அரசு அச்சிட்ட தொகுதிகளை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். ‘மணிலா’ என்று தேடினால் அகப்படாது. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் எச் எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கும்.

கல்லூரி அல்லது துறைத் தலைவரின் கடிதமும் அடையாள அட்டையும் எடுத்துப் போங்கள். படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது: எழுதியவர்கள் கணக்குப் பார்க்கும் கம்பெனி அலுவலர்கள். அரிசி, வெள்ளி, சம்பள பாக்கி என்றால் நம்பலாம். உள்ளூர் மக்களின் மனநிலையைப் பற்றி எழுதினால் யோசிக்கலாம். மணிலாவை ஒட்டிய கயிந்தாவில் அந்தச் சிப்பாய்களின் வழித்தோன்றல்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். போகிற போக்கில் ‘எல்லோரும் தமிழர்’ என்று எழுதிவிட வேண்டாம். சென்னையில் சேர்க்கப்பட்ட படையில் பல மொழிக்காரர்கள் இருந்தார்கள்.

10. மணிலாவுக்குப் போவதென்றால்

காகிதங்கள். பாஸ்போர்ட், அதன் நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், கல்லூரி முத்திரையுடன் அறிமுகக் கடிதம், என்ன தேடுகிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் ஆங்கிலக் குறிப்பு. கடிதம் ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்று பொதுவாக இருந்தால் வேலைக்காகாது. ஒவ்வொரு நூலகத்தின் பெயரையும் போட்டுத் தனித்தனியாக வாங்குங்கள். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பொதுக் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றபோது வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு அணிந்து போனாலும் அதே மரியாதைதான்.

இந்தியர்களுக்கு 2025 ஜூன் முதல் சுற்றுலாவுக்கு 14 நாள் விசா இல்லாத அனுமதி இருக்கிறது, நீட்டிக்க முடியாது. விதி மாறக்கூடியது என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். பயணிகள் இணையத்தில் செய்யும் ஈ-டிராவல் பதிவு இலவசம். பணம் கேட்கும் தளம் போலி.

இடங்கள். தேசிய நூலகமும் தேசிய வரலாற்று ஆணையமும் மணிலாவின் எர்மிதா பகுதியில் ஒரே கலாவ் தெருவில் இருக்கின்றன. ரிசால் பூங்காவைக் கடந்து நடந்தால் தேசிய மானிடவியல் அருங்காட்சியகம். லகுனா செப்பேடு அங்கேதான். நுழைவுக் கட்டணம் இல்லை. செப்பேடு ஒரு எழுதுதாள் அளவுக்குள்தான் இருக்கும். பெரிய கல்வெட்டை எதிர்பார்த்துப் போய்த் தாண்டி நடந்துவிடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்கும் முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி நாள் வாங்காமல் போவது வீண் அலைச்சல். ஒரு மாதம் முன்பே எழுதத் தொடங்குங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்; அங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

செலவு. பெரிய தொகை தங்குமிடத்துக்கும் விமானத்துக்கும்தான் போகும். நகலெடுக்கவும் கேமரா அனுமதிக்கும் இடத்துக்கு இடம் கட்டணம் வேறு. தனியார் பல்கலைக்கழகங்கள் வெளியாரிடம் நாள் கட்டணம் வாங்குவதுண்டு. சில்லறையாகப் பெசோ வைத்திருங்கள். இணையத்தில் இருப்பதையே அங்கே போய்ப் பணம் கொடுத்து நகலெடுத்து வருபவர்கள் உண்டு. மேலே 3ஆம் பகுதியில் சொன்னதை முடித்த பிறகு டிக்கெட் எடுத்தால் அது மிச்சம்.

காலம். புனித வாரத்தில் ஊரே அடைத்துக் கிடக்கும். டிசம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரை கிறிஸ்துமஸ் மனநிலை; அலுவலர் இருப்பார், கையெழுத்துப் போடுபவர் இருக்க மாட்டார். நவம்பர் 1ஐ ஒட்டி எல்லோரும் சொந்த ஊர் கல்லறைகளுக்குப் போய்விடுவார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் வந்தால் அரசு அலுவலகங்களுக்கு அன்று காலையில்தான் விடுமுறை அறிவிப்பார்கள். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை போவது நல்லது. 14 நாளில் வார இறுதிகளைக் கழித்துவிட்டு, வரும் வேலைநாட்களில் பாதிக்கு மட்டும் திட்டம் போடுங்கள். கேட்ட ஆவணக் கட்டு வரத் தாமதமாகும், வந்த கட்டில் வேறு ஏதோ இருக்கும். மீதிப் பாதி அதற்குச் சரியாகிவிடும்.